மாமனார் தந்த வெள்ளை மாத்திரை

எனக்கு நெஞ்செரிச்சல் வந்தால் என் மனைவி சிரிப்பாள். புருஷன் மார்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இவள் பல்லைக் காட்டுகிறாளே என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் மாமனாரின் வெற்றிலைப் பெட்டியில் இருந்து தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் பெண் பார்க்க ஆவடிக்குப் போனேன். மாமனார் அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் உலைப் பிரிவில் வேலை பார்த்தார். மனைவியை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். ஒரு மகள், ஒரு மகன், இருவரையும் குவார்ட்டர்ஸில் தனியாளாக வளர்த்தவர். வாழைக்காய் பஜ்ஜி, காபி எல்லாம் ஆன பிறகு ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் நீட்டினார். பெண்ணைப் பிடித்துப்போன மயக்கத்தில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை. வெள்ளை வெள்ளையாக வட்ட மாத்திரைகள் பெட்டி நிறையக் கிடந்தன.

“எடுங்க மாப்ள. பஜ்ஜி எண்ணெ அப்பால எதுக்களிக்கும். முழுங்காதீங்க, சப்பிக்கினே குந்துங்க” என்றார்.

வயிற்றில் அமிலத்தை அடக்குகிற மாத்திரை அது. சுண்ணாம்புக் கட்டியில் புதினாவைத் தடவியது மாதிரி இருக்கும். உலைச் சூடு, மாறி மாறி ஷிஃப்ட், கேன்டீன் காரம் என்று சேர்ந்து குவார்ட்டர்ஸில் வயிற்றுப் புண் இல்லாத ஆம்பளையே கிடையாது என்பார் மாமனார். டிஸ்பென்சரியில் இருந்து வாங்கி வாங்கிச் சேர்த்து வைப்பார். புண் வந்தபோது டாக்டர் சொல்லி வெற்றிலையை விட்டாரே தவிர, பெட்டியை விட மனசு வரவில்லை. மற்றவர்கள் தாம்பூலம் நீட்டுகிற இடத்தில் எல்லாம் இவர் மாத்திரையை நீட்டினார். எங்கள் கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவ வந்தவர்களிடம் அவர் பெட்டியைத் திறந்து காட்டியதை எங்கள் சொந்தக்காரர்கள் வெகுநாள் வரை சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சல் மாத்திரையோ வலி மாத்திரையோ, காட்டமாக எதை விழுங்குவதாக இருந்தாலும் முதலில் இதில் ஒன்றைச் சப்பிவிட வேண்டும். “இல்லாங்காட்டி வயிறு ஓட்டையாப் பூடும்” என்பார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் குடிவந்தோம். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். மனைவி அதே எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைத்தாள். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் இந்த மாத்திரைதான் இருக்கும். உப்பு, புளி, மிளகாய் மாதிரி அதுவும் ஒரு சாமான். அதை மருந்து என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு உடம்பு இறங்கிப்போனது. விடாத காய்ச்சல். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து தண்ணீர் குடித்தாலே வலித்தது. சட்டை என் மேல் தொங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்.ஐ.வி. என்று வந்தது. எப்படி வந்தது என்று அன்று கேட்டவர்களுக்கும் இன்று கேட்பவர்களுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. அம்பத்தூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏறி வந்தது. அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வரும், வாயில் நல்ல வார்த்தை வராது.

மனைவிக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு இல்லை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் அழுத அழுகையைப் பார்த்து, எனக்கு இல்லை என்று வந்துவிட்டதாக நினைத்து ஒருத்தர் கை கொடுத்துவிட்டுப் போனார். அவர் நினைத்ததிலும் தப்பில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாமனாரிடம் சொல்லத்தான் பயந்தேன். அவர் அப்போது ரிட்டயர் ஆகிக் கள்ளிக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டித் தனியாக இருந்தார். மகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவர் சைக்கிளில் வந்து இறங்கியபோது நான் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மோர் சாதத்தைத் தொண்டையில் இறக்க முடியாமல் பிசைந்துகொண்டிருந்தேன். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மடியிலிருந்த பெட்டியைத் திறந்தார்.

“இந்தாங்க மாப்ள. மொதல்ல இத சப்புங்க” என்றார். பிறகு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் தட்டில் இருந்த அப்பளத்தில் பாதியை ஒடித்துக் கடகடவென்று மென்றார். “இன்னா பாத்துகினு கீற? எனக்கும் ஒரு தட்டு போடு” என்று மகளை அதட்டினார். எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அந்த அரை அப்பளத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

மூன்று விதமான மருந்து சேர்த்துச் சாப்பிட்டால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இரண்டு இங்கேயே கிடைத்தது. மூன்றாவது ஒரு கேப்சூல், வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். மைத்துனன் அங்கே இங்கே ஆள் பிடித்து, கப்பல் நிற்கிற துறைமுகத்தில் இருந்து வாங்கி அனுப்பினான். அந்தக் கேப்சூலின் பெயரை இப்போது சொன்னால் மருந்துக்கடைக்காரர்களே விழிப்பார்கள். இன்று யாரும் அதைச் சாப்பிடுவதில்லை, அதைவிட நல்லதெல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அதுதான் சாமி. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. வெறும் வயிறாக இருக்க வேண்டும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத்தில் கல் வந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் லாரித் தண்ணீர். குடத்துக்கு அடிதடி. மனைவி வரிசையில் நின்று கத்திப் பிடித்துவரும் தண்ணீரில் பாதி என் வயிற்றுக்குள் போனது. “ஊடு தொடைக்கக் கூட தண்ணி இல்ல, இவரு ஒருத்தரே ஏரியக் குடிக்கிறாரு” என்பாள். சொல்லிக்கொண்டே இன்னொரு சொம்பை மொண்டு வைப்பாள்.

மாமனாருக்கு இது ஒரு புது ஷிஃப்ட். ஆறு மணிக்கு முன்னால் சைக்கிள் மணி கேட்கும். இரண்டு மணிக்கு முன்னால் மறுபடியும் கேட்கும். கப்பலில் வந்த மருந்து ஆயிற்றே, எவ்வளவு காட்டமாக இருக்கும்? அதனால் அவருடைய சட்டப்படி முதலில் வெள்ளை மாத்திரை. ஒன்று போதாது என்று இரண்டு. நான் சப்பி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு கேப்சூலைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். இரவு வேளைக்கு மகளிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு வேளைகூட அவர் தவறவிட்டதில்லை. இந்த மாதிரி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆனால் உடம்பு தேறவில்லை. ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரித் தராசு ஒரே இடத்தில் நின்றது, சில மாதம் கீழேயும் போனது. வாயில் வெள்ளை போய்ப் போய்த் திரும்ப வந்தது. மனைவி விரால் மீன் குழம்பு வைப்பதில் கெட்டிக்காரி. மறுநாள் சுண்டக் காய்ச்சி வைத்தால் தெருவே மணக்கும். அதன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நான் கஞ்சி குடித்தேன். எனக்குச் சாக பயமாக இருந்தது. இதை அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். “வேளை தவறாம சாப்பிடறீங்களா? வேற மருந்து எதாவது எடுக்கறீங்களா? நாட்டு மருந்து, லேகியம், எதாவது?”

“ஒண்ணும் இல்ல சார்” என்று நானும் மனைவியும் ஒரே குரலில் சொல்வோம். எங்கள் மனசறிந்து நாங்கள் பொய் சொல்லவில்லை.

ஒருநாள் மாமனார் தானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பினார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. டாக்டர் இளைஞர், மெலிந்த ஆள். என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “இந்த மருந்து உங்க உடம்புல வேலை செய்யல போல. மாத்திப் பார்க்கலாம்னா கையில வேற ஒண்ணும் இல்லையே” என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் யோசித்துக்கொண்டே மார்பை அழுத்தி ஒரு ஏப்பம் விட்டார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னா சார், எரியுதா?”

“காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. அதான்.”

“அய்ய, அப்டி இருக்கலாமா?” என்று சொன்னவர் மடியிலிருந்து பெட்டியை எடுத்து, அந்த டாக்டர் முன்னால் மேஜைமேல் திறந்து வைத்தார். “எடுங்க சார். முழுங்காதீங்க, சப்பணும்.”

மனைவி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டு ஒரு மாத்திரையை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

“பெரியவரே, இது யாருக்காக வெச்சிருக்கீங்க?”

“எல்லாருக்குந்தான் சார். எனக்கு, பொண்ணுக்கு, மாப்ளைக்கு. மாப்ளைக்கு மூணு வேளையும் ரெண்டு ரெண்டு குடுத்துட்டு அப்பாலதான் அந்தக் கப்பல் கேப்சூலத் தர்றேன். வயிறு புண்ணாவக் கூடாதே சார்” என்றார் மாமனார். ஒரு பாராட்டை எதிர்பார்க்கிற முகம் அவருக்கு.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியை மாமனார் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “அந்தக் கேப்சூல் கரைஞ்சு ரத்தத்துல கலக்கணும்னா வயித்துல புளிப்பு இருக்கணும். நீங்க குடுக்கறது அந்தப் புளிப்பை அடக்கிடும். புளிப்பு இல்லன்னா மருந்துல பாதிக்கு மேல கலக்காமலேயே வெளிய போயிடும்.”

மாமனாருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் கறுத்துப்போனது.

“அப்ப நாந்தான் கெடுத்தேனா சார்?”

“இல்ல. நான் மருந்து மருந்துன்னு கேட்டேன். வாயில என்னென்ன போடறீங்கன்னு கேட்டிருக்கணும். இனிமே எல்லாரையும் அப்படித்தான் கேட்பேன்” என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, “இதை நிறுத்திட்டு அதே மருந்தைத் தொடருங்க. கிருமி இன்னும் இந்த மருந்துக்குப் பழகியிருக்காதுன்னு நம்புவோம். எரிச்சல் தாங்கலன்னா கேப்சூல் போட்டு ரெண்டு மணி நேரம் போனப்புறம் ஒண்ணு சப்பலாம், அதுக்கு முன்னாடி கூடாது” என்றார். கையில் இருந்த மாத்திரையை அப்போதுதான் பார்த்தவர், “எனக்கு அந்தத் தொல்லை இல்ல” என்று வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வழி தெரிந்திருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்வது? மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். கொரட்டூரில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஏரிக்கரைக்கு நடந்தார். நான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். பெட்டியை ஓங்கிவிட்டார்.

“போட்டீங்கன்னா நான் கேப்சூலயும் கொண்டாந்து இதே ஏரில போடுவேன்” என்று கத்தினேன். எனக்கு முன்கோபம். நோயிலும் அது மட்டும் இளைக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்க ஒருத்தர்தான் என் தட்டுல கை வெச்சீங்க. உங்க பொட்டி தண்ணிக்குள்ள போனா எனக்கு அவமானம்.”

கையை இறக்கினார். “என் கையால வெசத்தக் குடுத்துட்டேன் மாப்ள” என்றார்.

“வெசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்க ஊட்டுக்கு.”

அவர் வரவில்லை. ஸ்டேஷனில் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் போனவர், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. காலை ஆறு மணிக்கு மணிச் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். “கேப்சூலத் தொட மாட்டேன், அந்தப் பக்கமே வர மாட்டேன்னு சொல்றாரு” என்பாள். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அப்பா மாத்திரையே சப்பறதில்லங்க. வயித்தப் புடிச்சுகினு குந்திகினு கீறாரு. மாப்ளைக்கு நல்லா ஆவற வரைக்கும் எனக்கு வேணாம்னுட்டாரு. தயிர் சோறு மட்டும் துன்றாரு.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வயிற்றுக்காக இன்னொரு வயிறு எரிவதில் யாருக்கு என்ன லாபம்? ஆனால் போய்ச் சண்டை போடக்கூட அப்போது உடம்பில் தெம்பில்லை. தெம்பு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

தெம்பு வந்தது. வெறும் வயிற்றில், வெள்ளை மாத்திரை இல்லாமல், அதே கேப்சூல் தன் வேலையைச் செய்தது. முதலில் காய்ச்சல் விட்டது. அப்புறம் நாக்கு சிவந்தது. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை மனைவி கேலி செய்தாள். பசி வந்தது பாருங்கள், அது ஒரு கொண்டாட்டம். சாப்பிட அனுமதி உள்ள நேரம் வருவதற்கு முன்பே தட்டை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தராசு நகர்ந்தபோது டாக்டர் தானே குனிந்து இரண்டு தடவை பார்த்தார். “பெரியவர் எப்படி இருக்கார்?” என்றும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி முந்தின நாள் விரால் குழம்பைச் சுண்ட வைத்திருந்தாள். இரண்டு மணிக்குக் கேப்சூல். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தேன், அதற்குள் அடுப்படிக்கு எத்தனை தடவை போனேன் என்று கேட்காதீர்கள். பிறகு உட்கார்ந்தேன். முதல் கவளத்தை வைத்துவிட்டு வலிக்குமோ என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை. காரம், புளி, மீன் வாசனை, அது மட்டும்தான். மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் அவளுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று மூன்றாவது சோற்றில்தான் எனக்கு நினைவு வந்தது.

சாப்பிட்டு எழுந்தேன். சற்று நேரத்தில் மார்பில் ஒரு சூடு. தொண்டை வரை ஏறியது. புளித்த ஏப்பம் ஒன்று வந்தது. நான் அப்படியே நின்றேன்.

“இன்னாங்க? இன்னா பண்ணுது?” என்று மனைவி பதறினாள்.

“எரியுதுடீ” என்றேன். “நெஞ்சு எரியுது!”

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று ஆரம்பித்த சிரிப்புதான் இன்னும் நிற்கவில்லை.

துருப்பிடித்துக் கிடந்த என் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். “வெயில்ல வேணாங்க” என்று அவள் சொல்லச் சொல்ல ஏறி மிதித்தேன். ஸ்டேஷன் வரை நடக்க முடியாமல் இருந்தவன் கள்ளிக்குப்பம் வரை மிதித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் எரிந்தது, வழியெல்லாம் ஏப்பம். எதிரே வந்தவர்கள் குடித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மாமனார் வாசலில் சுவரில் சாய்ந்து, வயிற்றில் துண்டைச் சுருட்டி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். பெட்டி ஜன்னல் மேடையில் தூசியோடு இருந்தது. என்னைச் சைக்கிளில் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“இன்னா மாப்ள, சைக்கிள்லயா வர்றீங்க?”

“மாமா, நெஞ்சு எரியுது.”

பழக்கம் விடுமா? கை தானாக ஜன்னல் மேடைக்குப் போனது. பெட்டியைத் தொட்டதும் சுட்டுவிட்ட மாதிரி இழுத்துக்கொண்டார். “கேப்சூல் எப்ப போட்டீங்க?” என்றார்.

“ரெண்டு மணிக்கு. இப்ப நாலு தாண்டிட்ச்சு. டாக்டர் சொன்ன நேரம் ஆயிட்ச்சு.”

“இன்னா துன்னீங்க?”

“வெரால் கொழம்பு. சட்டி காலி.”

“நல்லா எரியுதா?”

“இங்கேர்ந்து இது வரைக்கும் எரியுது மாமா.”

அவர் என் மார்பில் உள்ளங்கையை வைத்தார், சூட்டைத் தொட்டுப் பார்க்கிறவர் போல. “வயித்துல புளிப்பு கீது” என்றார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார். “எங்க மாப்ளைக்கு நெஞ்சு எரியுது! நல்லா எரியுது!”

எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, “இன்னா நைனா, சோடா வாங்கியாரட்டா?” என்றாள்.

“ஒண்ணும் வேணாம், எரியட்டும்! எரியட்டும் மாப்ள!” என்றார் அவர். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்போதும் ஒரு கை தன் வயிற்றை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

நான் ஜன்னல் மேடையில் இருந்த பெட்டியை எடுத்துத் தூசியைத் துடைத்தேன். திறந்தேன். ஒரு மாத்திரையை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன்.

“எனக்கு எரியட்டும் மாமா. நீங்க சப்புங்க. முழுங்காதீங்க.”

வேண்டாம் என்று தலையாட்டினார். பெட்டியை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் வாயைத் திறந்தார்.